இருபத்தொன்பது விடைகளுக்கு ஒரு கோப்பு

எனக்குப் பொறாமைக் குணம் கொஞ்சம் உண்டு. (“கொஞ்சமா?” என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அதை விடுங்கள்.) பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஃப்ரிட்ஜ் வந்து இறங்கினால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. கூட வேலை பார்ப்பவனுக்கு ஸ்கூட்டர் அலாட்மென்ட் வந்தால் கைகுலுக்கி வாழ்த்திவிட்டு, பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொள்வேன். இதெல்லாம் எல்லாக் குமாஸ்தாவுக்கும் உள்ளதுதான், வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் கட்டின மனைவியின் ஆங்கில இலக்கணத்தைப் பார்த்து வயிறெரிந்தவன் டெல்லி மாநகரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏசியாட் விளையாட்டுக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்த குளிர்காலம் அது. எங்களுக்குச் சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ். நானும் செண்பகமும் ஒரே அமைச்சகத்தில் எல்.டி.சி., அதாவது எழுத்தர்களில் அடிப்படி. எனக்கு டெஸ்பாட்ச் பிரிவு. வருகிற தபாலையும் போகிற கோப்பையும் பதிவேட்டில் ஏற்றி அனுப்புகிற வேலை. அவளுக்குக் கீழ்த்தளத்தில் டைப்பிங் பிரிவு. எங்களுக்கு அடுத்த படி யு.டி.சி. அந்தப் படியில் ஏறத் துறைத் தேர்வு உண்டு. அதில் ஆளை விழுத்தாட்டுகிற தாள் ஆங்கில இலக்கணம். நூறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, சரியானதைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும்.

வீட்டில் ஆங்கிலம் என் இலாகா. சரோஜினி நகர்க் கொசுக்களைப் பற்றி நான் எழுதிய கடிதம் ஒன்று ஆங்கிலப் பத்திரிகையில் வெளிவந்திருக்கிறது. (நாலு வரி. நான் எழுதியது நாற்பது.) அதை வெட்டி அலமாரிக் கண்ணாடிக்கு உள்ளே, வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டியிருந்தேன். செண்பகம் அம்பாசமுத்திரம் பக்கம், தமிழில் படித்தவள். “சும்மா அனுபவத்துக்கு எழுதட்டுமே” என்று அவளுடைய விண்ணப்பத்தையும் நான்தான் பூர்த்தி செய்தேன். இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கி, மூன்று மாதம் தினமும் அவளுக்குப் பாடமும் எடுத்தேன். அவள் சந்தேகம் கேட்பாள், நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தீர்த்துவைப்பேன். அந்த மூன்று மாதம் என் வாழ்க்கையின் பொற்காலம் என்றே சொல்லலாம்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வினாத்தாளைக் கையோடு பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, வாசல் புல்வெளியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு வெயில் காய உட்கார்ந்தோம். செண்பகம் இரண்டு கிலோ பச்சைப் பட்டாணியைக் கொட்டிக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். நான் ஒரு குறிப்பேட்டை எடுத்தேன். விடைகளை ஒத்துப் பார்த்து, அவள் எங்கெங்கே சறுக்கினாள் என்று ஆதரவாக எடுத்துச் சொல்வது என் திட்டம்.

“ஏளா, கேள்வி ஏதாவது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“எத்தன இருக்கும், பத்துப் பதினஞ்சு?”

“நூறும் இருக்கு.”

சிரித்துவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பட்டாணித் தட்டின்மேல் விரல்களை டைப் அடிக்கிற மாதிரி அசைத்தாள். முதல் கேள்வி வந்தது. இரண்டாவது வந்தது. எட்டு வருடமாக யாரோ எழுதியதை டைப் அடித்துக்கொண்டிருப்பவள். ஒருமுறை கண்ணில் பட்டது விரலில் நின்றுவிடும் போலிருக்கிறது. அவள் கேள்வியையும் தன் விடையையும் சொல்லச் சொல்ல நான் எழுதி, பக்கத்தில் என் விடையைக் குறித்துக்கொண்டே வந்தேன். அதனால் அவள் விடை முதல் பத்தியிலும் என் விடை இரண்டாம் பத்தியிலுமாக விழுந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைக் கவிழ்த்தது இதுதான்.

எழுபத்தொன்று ஒத்துப்போயிற்று. இருபத்தொன்பது ஒத்துப்போகவில்லை.

“அப்ப இருபத்தொம்பதும் எனக்குத் தப்பா?” என்றாள், முகம் சின்னதாகி.

“அப்படி ஒரேயடியா சொல்ல முடியாது. ரெண்டு மூணு தேறும்.”

“சரி, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.” நாலு பட்டாணி உரித்தாள். “ஆனா அந்தப் பதினேழாவது கேள்விக்கு, இப்படித்தான் போடணும்னு நீங்கதான சொல்லித் தந்திய? அத வச்சுத்தான நான் போட்டேன்? நீங்க ஏன் மாத்திப் போட்டிய?”

எனக்குச் சுருக்கென்றது. சொல்லிக் கொடுத்தவன் நான். தேர்வில் அதை மறந்தவனும் நான். “அது பொதுவாச் சொன்னது. பரீட்சையில இடம் பொருள் ஏவல் பாக்கணும்” என்று ஒரு போடு போட்டேன். அவள் நம்பினாள். நான்தான் நம்பவில்லை. பதினேழு போனால் அதே விதியில் வரும் முப்பத்திரண்டும் போகும், முப்பத்திரண்டு போனால்... அதற்கு மேல் எண்ணப் பயமாக இருந்தது.

எனக்கு என்ன பயம் என்று இங்கே பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அமைச்சகத்தில் டெஸ்பாட்ச் பதிவேட்டை வெள்ளிக்கிழமைதோறும் ஒரு யு.டி.சி. வந்து சரிபார்த்து, ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அந்த இடம்தான் காலியாக இருந்தது. இவள் தேறி நான் தேறாவிட்டால், இவள் வந்து என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, “இந்தத் தேதி ஏன் விட்டுப்போச்சு?” என்று கேட்பாள். நான் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். பிறகு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வர வேண்டும்!

தீர்ப்புக்கு மாடிவீட்டுப் பட்டாபிராமன் சாரிடம் போனேன். வேறொரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எங்கள் வரிசையில் ஆங்கிலத்துக்கு அவர்தான் சுப்ரீம் கோர்ட். தஞ்சாவூர்க்காரர். இருபத்தெட்டு வருடம் கோப்பு பார்த்து, வீட்டிலேகூட வாயால் முடிவு சொல்கிற பழக்கம் விட்டுப்போனவர். அவர் வீட்டில் உப்புமாவா இட்லியா என்பதுகூட ‘பேசித் தீர்மானிக்கவும்’ என்று ஒரு துண்டுக் குறிப்புதான்.

“வாயால நான் ஒண்ணும் சொல்றதில்லே. முறையா ஃபைல் போட்டுக் கொண்டாங்கோ” என்றார். “பேர் போடப்படாது. பேரைப் பார்த்தா எனக்குப் பாரபட்சம் வந்துடும். ஒன்றாம் நபர், இரண்டாம் நபர்னு போடுங்கோ, போதும்.”

நானும் அதே சர்க்காரில் வளர்ந்தவன்தானே! பழுப்பு அட்டை, பச்சை நோட் ஷீட், ஓரத்தில் டேக், ஒட்டுத்துண்டு எல்லாம் வைத்துக் கச்சிதமான கோப்பு தயாரித்தேன். குறிப்பேட்டில் இருந்த வரிசைப்படியே, முதல் பத்தி ஒன்றாம் நபர், இரண்டாம் பத்தி இரண்டாம் நபர். ‘தகுந்த உத்தரவுக்காகப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று ஆங்கிலத்தில் முடித்து அனுப்பினேன்.

மறுநாள் காலை கோப்பு திரும்பி வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பட்டாபிராமன் சாரின் பொடி எழுத்து. கடைசிப் பக்கத்தில் தீர்ப்பு: “சர்ச்சைக்குரிய இருபத்தொன்பதில் இருபத்துநாலில் ஒன்றாம் நபர் சரி. ஐந்தில் இரண்டாம் நபர் சரி. இரண்டாம் நபர் அடிப்படைப் பாடங்களை மறுபடி படிப்பது நலம்.”

படித்ததும் காது ரெண்டும் சுட்டது. டெல்லி டிசம்பரில் எனக்கு வேர்த்தது. அடிப்படைப் பாடமாம்! கொசுக் கடிதம் எழுதினவனைப் பார்த்து!

அடுக்களையிலிருந்து செண்பகம் கேட்டாள். “என்னங்க, சார் எழுதித் தந்துட்டாவளா?”

“வந்துட்டு, வந்துட்டு.”

“என்ன எழுதியிருக்காவ?”

இந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் சொன்னது: “ஒன்றாம் நபருக்கு இருபத்துநாலு, ரெண்டாம் நபருக்கு அஞ்சு.”

“நீங்க எந்த நபரு?”

“இது என்ன கேள்வி? வீட்டுல யாரு ஒண்ணு?”

அவள் ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பருப்பைக் கடைந்தாள். அன்றைக்கே அந்த இலக்கணப் புத்தகம் பழைய பேப்பரோடு சேர்ந்து கபாடிக்காரனின் தராசுக்குப் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “எதுக்குப் போடுதே?” என்றேன். “இனி எனக்கு எதுக்கு? மூணு மாசம் உங்க நேரத்தையும் வீணாக்கிட்டேன்” என்றாள். மனசு ஒரு நிமிஷம் உறுத்தியது. அதே மனசில் இன்னொரு பக்கம் குளுகுளுவென்றும் இருந்தது. அதையும் மறைப்பானேன்.

ஆனால் கோப்பு வீட்டில் இருந்தால் ஆபத்து. அவள் எடுத்துப் பார்த்தால் தன் விடை எது என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. (சர்க்கார் ஊழியன் கோப்பைக் கிழிப்பதும் பசுவைக் கொல்வதும் ஒன்று.) அதனால் அட்டையின் மேல், முன்யோசனையாக, ‘ஒன்றாம் நபர்: சண்முகவேல். இரண்டாம் நபர்: செண்பகம்’ என்று எழுதினேன். அவள் என்றைக்காவது விடாப்பிடியாகக் கேட்டால் தூரத்திலிருந்து அட்டையைக் காட்டிக்கொள்ளலாம் அல்லவா? எழுதின கை சும்மா இருந்ததா? அடியில் கையெழுத்து, தேதி, ‘எல்.டி.சி., டெஸ்பாட்ச்’ என்று பதவியும் போட்டுவிட்டது. பழக்கதோஷம்.

மறுநாள் அதை ஆபீசுக்கு எடுத்துப்போய், என் மேஜைக்கு அடியில் பழைய கோப்புகளின் நடுவே செருகிவிட்டு, நிம்மதியாகச் சாயா குடிக்கப் போனேன்.

எங்கள் பிரிவுப் பியூன் ராம் அவதாரிடம் இரண்டு வருடமாக நான் ஓதியது ஒரே ஒரு பாடம்தான்: டெஸ்பாட்சில் கோப்பு தூங்கக் கூடாது. அந்த மனுஷன் அதைப் பிடித்துக்கொள்ள அன்றைய தினத்தைத் தேர்ந்தெடுத்தார். பெருக்குவதற்காகக் கோப்புக் கட்டை இழுத்தவர் கண்ணில், ஒட்டுத்துண்டு நீட்டிக்கொண்டு, புத்தம்புது டேக்கோடு ஒரு கோப்பு தூங்குவது பட்டிருக்கிறது. யாருக்கு என்று முகவரி இல்லை. முகவரி இல்லாத கோப்பெல்லாம் அண்டர் செக்ரட்டரிக்குப் போக வேண்டும் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

மூன்று மணிக்கு அண்டர் செக்ரட்டரி மல்ஹோத்ரா சாப் கூப்பிட்டனுப்பினார். கமா இடம் மாறியிருந்தால் கோப்பைத் திருப்பியடிக்கிற மனிதர். அவர் மேஜையில் என் பழுப்பு அட்டை விரிந்து கிடப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

சாப் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்!

“அரே சண்முக்வேல்! இருபத்தொன்பதும் நானே போட்டுப் பார்த்தேன். எனக்கே ரெண்டு தப்பு. நீ டெஸ்பாட்சில் க்யா கர் ரஹே ஹோ, என்ன செய்துகொண்டிருக்கிறாய்?” இந்தியும் ஆங்கிலமுமாகக் கொட்டினார். “என் டிராஃப்ட் எழுதுகிறவன் லீவில் போயிருக்கிறான். நாளை காலை ஒரு எம்.பி.க்குப் பதில் போக வேண்டும். இங்கேயே உட்கார். எழுது.”

“சார், இது வந்து...”

“ஜல்தி, ஜல்தி.”

எம்.பி. எழுதியிருந்தது, முந்தைய கடிதத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்று. நான் எழுத ஆரம்பித்தேன். ‘தயவுசெய்து’ என்று தொடங்கினேன். ஒரு பக்கம் ஓடியது. வாக்கியம் முடியவில்லை. எங்கே முற்றுப்புள்ளி வைத்தாலும் ஒரு தப்பு வெளியே தெரியும் போலிருந்ததால் வைக்காமலே போய்க்கொண்டிருந்தேன். ஒன்றரைப் பக்கத்தில் ஏழு ‘தயவுசெய்து’. அந்தக் கடிதத்தை முழுக்கப் படித்தால் தாமதத்துக்கு எம்.பி.தான் எங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வரும்.

மல்ஹோத்ரா சாப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கோப்பை எடுத்துப் பதினேழாம் கேள்வியில் விரலை வைத்து, “இதற்கு இந்த விடை ஏன்? சொல்” என்றார், மெதுவாக.

என்னவென்று சொல்ல? மூன்று மாதம் முன்னால் கால்மேல் கால் போட்டுக்கொண்டு நானே விளக்கியதுதான். அதில் ஒரு வரிகூட இப்போது ஞாபகம் இல்லை.

“சார், ஒன்றாம் நபர் நான் இல்லை.”

“பின்னே?”

“என் மனைவி. கீழே டைப்பிங் பிரிவில் இருக்கிறாள்.”

அவர் அட்டையைப் பார்த்தார். என் கையெழுத்து, தேதி, பதவி எல்லாம் ஒழுங்காக இருந்தன. என்னைப் பார்த்தார். மணியை அடித்து ராம் அவதாரை அனுப்பினார்.

செண்பகம் பாதி பின்னிய ஸ்வெட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தாள். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருக்கிறாள். நான் நிற்பதைப் பார்த்து மூச்சு விட்டாள். அப்புறம்தான் மேஜைமேல் இருந்த அட்டையைப் படித்தாள். உள்ளே திறந்து முதல் பத்தியைப் பார்த்தாள். விரல் ஒருமுறை அசைந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதிலாக மல்ஹோத்ரா சாப் என்னை சஸ்பெண்ட் செய்திருக்கலாம்.

சாப் பதினேழாவதைக் கேட்டார். அவள் திக்கித் திக்கி, ஆனால் சரியாகச் சொன்னாள். “யார் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார்.

“இவ்வொதான் சார்” என்று தமிழில் சொல்லி, என்னைக் கையால் காட்டினாள்.

அப்படிக் காட்டியிருக்க வேண்டாம். அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

எம்.பி.க்கான பதிலை அவள் எழுதினாள். ஐந்து வரி. சாப் ஒரு எழுத்தைத் திருத்தவில்லை. பிறகு என் கோப்பை எடுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதி, என் கையிலேயே கொடுத்தார்: “பார்த்தேன். அட்டையில் உள்ள ஒன்றாம் நபரும் இரண்டாம் நபரும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். உடனடியாக.”

அன்று பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம், நான் பக்கத்தில். பஸ் லோதி காலனி தாண்டியது.

“எனக்குப் பொறாமையா இருந்துச்சுளா” என்றேன். வேறு என்ன சொல்ல?

“அது தெரிஞ்சதுதான. வேற எவன் மேலயாவது படக் கூடாதா? எம்மேலயா படணும்?” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நான் தேறவே மாட்டேன்னு நெனச்சு ரெண்டு நாளா எனக்கு வேல ஓடல, தெரியுமா?” என்றாள். குரல் உடைந்தது. அழுகையை முழுங்கிக்கொண்டு, “அந்தப் புஸ்தகம் எனக்கு வேணும். எங்க போவியளோ, கொண்டாங்க” என்றாள்.

கபாடிக்காரனைத் தேடிக்கொண்டு சரோஜினி நகர் சந்து சந்தாக அலைந்தேன். இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்ததுமே விலையை ஏற்றினான். நடுவே எட்டுப் பக்கம் ஏற்கெனவே கடலை மடிக்கப் போயிருந்தது. அந்த எட்டுப் பக்கத்தைப் பட்டாபிராமன் சாரிடம் இருந்த அதே புத்தகத்திலிருந்து நானே கையால் நகல் எடுத்து, தைத்துக் கொடுத்தேன். (அப்போதுதான் அடிப்படைப் பாடங்கள் எனக்குப் புரிந்தன.)

முடிவுகள் வந்தன. செண்பகம் தேறினாள். நான் தேறவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் மேலே வந்து என் பதிவேட்டைப் புரட்டினாள், நான் எழுந்து நின்றேன், ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டாள். ஒரு தடவைகூடத் தேதி விட்டுப்போனதற்கு எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டதில்லை. பஸ்ஸில் கேட்பாள். நாலு வருடம் கழித்து நானும் தேறினேன். பாடம் எடுத்தது அவள். கால்மேல் கால் போடவில்லை.

கோப்பு மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. டெல்லியிலேயே பிறந்து, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற எங்கள் மகளுக்கு அந்த ஆங்கிலக் கோப்பு மனப்பாடம். டி.வி. ரிமோட்டுக்கு நான் கை நீட்டினால், “அப்பா, சாப் ஆர்டர் இருக்கு, இடம் மாறுங்க” என்பாள். அவள் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகை அச்சடிக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். கரோல் பாக் அச்சகத்திலிருந்து ஆள் ப்ரூஃபோடு வந்து தயங்கினான். “சாப், அம்மா பெயர் முதலில், உங்கள் பெயர் பின்னால் இருக்கிறது. கல்தி ஆகிவிட்டதா, தப்பு விழுந்துவிட்டதா? மாற்றி விடட்டுமா?”

“கல்தி எல்லாம் இல்ல பையா. முப்பது வருஷம் முன்னாடியே மாத்தியாச்சு” என்றாள் மகள்.

நான் ப்ரூஃபை வாங்கிப் பார்த்தேன். ‘திருமதி செண்பகம், திரு சண்முகவேல்’. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் ‘சரி’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். கை நிற்கவில்லை, பதவி எழுத இறங்கிவிட்டது. ரிட்டையரானவனுக்கு என்ன பதவி? ஒரு நிமிஷம் யோசித்து, ‘இரண்டாம் நபர்’ என்று எழுதினேன்.

செண்பகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதற்குப் பக்கத்தில், வெள்ளிக்கிழமைகளில் போடுவாளே, அதே சின்னக் கையெழுத்தைப் போட்டாள்.